பிளஸ் டூ பாட்டனி எடுக்குற மிஸ், சார் எல்லாருக்கும் ஒரு திறந்த மடல்

வணக்கம் மிஸ், வணக்கம் சார். என் பொண்ணு இந்த வருஷம் பிளஸ் டூ. பாட்டனில முதல் பாடமே தாவர இனப்பெருக்கம்தான். நேத்து நைட்டு "இரட்டைக் கருவுறுதல், கருவூண் திசு மும்மடியம்"னு சத்தமா உருப்போட்டுக்கிட்டு இருந்தா, கையில நுங்கு. கருவூண்னா என்னம்மான்னு கேட்டேன், புக்ல இருக்குற வரிய அப்படியே ஒப்பிச்சா. விதைக்குள்ள வளர்ற கருவுக்கான சாப்பாடும்மா, நீ இப்ப வாயில போட்டியே அதுதான்னேன், நம்பவே இல்ல.

அவ மேல தப்பில்ல. எனக்கும் அந்தக் காலத்துல போர்டுல படம் போட்டு பாகம் குறிச்சதோட சரி. மகரந்தத்துல இருந்து ரெண்டு ஆண் செல் வருது, ஒண்ணு முட்டையோட சேந்து கரு ஆகுது, இன்னொண்ணு நடுவுல இருக்குற ரெண்டு நியூக்ளியஸோட சேந்து கருவூண் ஆகுது, மூணு சேர்றதால மும்மடியம், 1898ல நவாஷின்னு ஒரு ரஷ்ய விஞ்ஞானி கண்டுபிடிச்சார், அஞ்சு மார்க், அவ்ளோதான். இளநித் தண்ணியும் அதே கருவூண்தான், செல்லுக்குச் சுவரே கட்டாம நியூக்ளியஸ் மட்டும் பெருகிப் பெருகி மிதக்குற நிலைன்னு யாரும் சொல்லல. ஓட்டு ஓரத்துல இருந்து சுவர் கட்ட ஆரம்பிச்சா வழுக்கை, முத்தினா தேங்கா. சோத்துக்குப் போடுற அரிசியும் கருவூண்தான், அரிசி முனையில மூக்கு ஒடஞ்ச மாதிரி சின்னப் பள்ளம் இருக்கும் பாருங்க, மில்லுல தீட்டும்போது கரு உதிர்ந்து போன இடம் அது.

இதுக்கெல்லாம் பின்னாடி இருக்குற ஜீன் கதைதான் செம. அராபிடாப்சிஸ்னு கடுகு சாதிச் செடி ஒண்ணு, அதுல 1998ல மெடியான்னு ஒரு ஜீன பத்தி எழுதுனாங்க. அம்மா வழியா வந்த காப்பி கெட்டுப்போனா விதை அப்படியே சூம்பிடும், அப்பா வழி காப்பி நல்லா இருந்தும் பிரயோஜனம் இல்ல, ஏன்னா கருவூண்ல அத பூட்டியே வெச்சிருக்கும். பெத்த பிள்ளைங்களயே கொன்ன கிரேக்கக் கதைப் பொம்பளை பேரு அது, வெச்சவங்க குசும்பு! மகரந்தம் வராமலே கருவூண் வளர ஆரம்பிச்சுடாம பிரேக் போடுறதும் இந்த ஜீனும் அதோட கூட்டாளிங்களும்தான்.

நம்ம பக்கத்து உதாரணம் வேணும்னா கேரளாவுல தயிர்த்தேங்கான்னு சொல்லுவாங்க, பிலிப்பைன்ஸ்ல மக்காப்புனோ. ஒரு ஒடுங்கு ஜீனால (அம்மா, அப்பா ரெண்டு வழியாவும் வந்தாத்தான் வேலையக் காட்டும்) உள்ள பருப்பு கெட்டியாகாம கொழகொழன்னு ஆயிடும். உள்ள இருக்குற கரு நல்லாத்தான் இருக்கும், ஆனா அந்தப் பருப்பால அதுக்குச் சோறு போட முடியாது, மண்ணுல வெச்சா முளைக்காது. லேப்ல கருவ மட்டும் எடுத்து ஊட்டம் குடுத்து வளத்துத்தான் கன்னு ஆக்குறாங்க. கருவூண் எதுக்குன்னு இத விட நல்லா எந்தப் படத்தால சொல்ல முடியும்?

அதனால ஒரே ஒரு பீரியடு போர்ட விட்டுட்டு இளநி வெட்டுங்க மிஸ். பாடம் ஜூன்லயே வருது, நுங்கும் அப்ப கெடைக்கும். செலவு என்னோடது, எத்தனை பிள்ளைங்கன்னு மட்டும் பொண்ணுகிட்ட சொல்லி விடுங்க. அருவாளோட வந்தா வாட்ச்மேன் உள்ள விடுவாரான்னும் ஒரு வார்த்தை கேட்டு வெச்சிருங்க.