பகலில் குழந்தையைப் பார்ப்பவரிடமும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் பேரனுக்கு இப்போது 17 மாதம். மகனும் மருமகளும் காலை ஏழரைக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஏழாகிவிடும். அதுவரை அவன் என் பொறுப்பு.

அவனுக்கு ஒரு வயது நிறைந்தபோது தடுப்பூசி போட நானும் கூடப் போனேன். தாதி அன்பாகத்தான் பேசினார். சுகாதாரக் கையேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு, பெயர் சொன்னால் திரும்புகிறானா, பிடித்துக்கொண்டு நிற்கிறானா, டிவி, ஃபோன் பார்க்கிறானா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாம் ஆங்கிலத்தில், எல்லாம் மருமகளிடம். ஃபோன் கேள்விக்கு அவள் இல்லை என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவள் வீட்டில் இருக்கும் நேரத்தில் அவன் பார்ப்பதில்லை. நான் பக்கத்து நாற்காலியில், அவன் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். மதியம் சொம்பில் ஃபோனைச் சாய்த்து வைத்துப் பாட்டுப் போட்டால்தான் அவன் வாயைத் திறப்பான். பருப்புச் சோறா, ரசச் சோறா என்றுகூடப் பார்க்க மாட்டான். கண் திரையிலேயே இருக்கும், வாய் மட்டும் திறந்து திறந்து மூடும். கிண்ணம் காலியானால் எனக்கு நிம்மதி. பிள்ளைக்கு வயிறு நிறைந்தது என்பதற்குமேல் நான் யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் மகன் ‘கஸ்டோ’ ஆய்வைப் பற்றி எனக்குத் தமிழில் விளக்கினான். சிங்கப்பூரின் கேகே மகளிர், சிறார் மருத்துவமனையிலும் தேசியப் பல்கலைக்கழக மருத்துவமனையிலும் 1,200க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளைச் சேர்த்து 2009ல் தொடங்கிய ஆய்வு அது. சீனர், மலாய்க்காரர், இந்தியர் என எல்லாரும் நம் ஊர்த் தாய்மார்கள். பிள்ளைகள் வளர வளர ஆய்வும் கூடவே வந்திருக்கிறது. அவர்களில் 437 பிள்ளைகளைப் பற்றிய முடிவு 2023ல் வெளியானது. ஒரு வயதில் அதிக நேரம் திரை பார்த்தவர்களுக்கு ஒன்றரை வயதில் மூளை அலைகளில் வேறுபாடு தெரிந்ததாம். ஒன்பது வயதில் கவனம் செலுத்துவதிலும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதிலும் பின்தங்கினார்களாம். திரை மட்டுமே காரணம் என்று ஆய்வாளர்கள் அடித்துச் சொல்லவில்லை. இருந்தும் அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அதே ‘கஸ்டோ’ பிள்ளைகளில் சிலரிடம் செய்த இன்னோர் ஆய்வுதான் தெம்பு தந்தது. மூன்று வயதில் பெற்றோர் அடிக்கடி உட்கார்ந்து சேர்ந்து வாசித்த பிள்ளைகளிடம், திரை பார்ப்பதோடு சேர்ந்து வரும் மூளை மாற்றம் குறைவாக இருந்திருக்கிறது.

மறுநாளே ஃபோனை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். மூன்று நாள் அழுகை, கிண்ணத்தைத் தட்டிவிடுவது, பாதிச் சோறு தரையில். நாலாம் நாள் அவனைத் தூக்கிக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போனேன். எங்கள் ஈசூன் வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றால் எம்ஆர்டி போவது தெரியும். “அதோ ரயிலு, கூ...” என்றேன். ஒரு வாய் வாங்கிக்கொண்டு என் முகத்தையே பார்த்தான். அப்புறம் கிண்ணத்துக்குள் கையை விட்டு ஒரு கேரட் துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, தானே வாயில் போட்டுக்கொண்டான். இப்போது ரயில் வந்தால் அவன்தான் முதலில் “கூ” என்கிறான்.

ஒன்றரை வயது ஆகாத குழந்தைக்கு, உறவினரோடு பேசும் வீடியோ அழைப்பைத் தவிர வேறு திரை வேண்டாம், சாப்பிடும்போதும் வேண்டாம் என்று சுகாதார அமைச்சு ஏற்கெனவே அறிவுறுத்தியிருக்கிறது. அது பகலெல்லாம் குழந்தையோடு இருக்கும் என்னிடம் எப்படி வந்து சேரும்? பாட்டி தாத்தா பிள்ளை வளர்ப்பது அரசாங்கத்துக்குத் தெரியாததல்ல. பிள்ளையை அவர்கள் பார்த்துக்கொண்டால் வேலைக்குப் போகும் தாய்க்கு 3,000 வெள்ளி வரிக் கழிவே உண்டு. வசதி குறைந்த குடும்பங்களுக்கு 2016லிருந்து கிட்ஸ்டார்ட் திட்டத்தில் பிள்ளை வளர்ப்புக்கு உதவ வீடு தேடியே வருகிறார்கள். அதை மனமார வரவேற்கிறேன். நான் கேட்பது அதைவிடச் சிறியது.

தடுப்பூசிக்கு வரும்போது, “பகலில் குழந்தையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்?” என்று முதலில் கேளுங்கள். பாட்டி என்றால் மற்ற கேள்விகளை அவரிடமும், அவருக்குப் புரியும் மொழியில் கேளுங்கள். தமிழ் தெரிந்த தாதி இல்லாவிட்டால் தமிழில் அச்சடித்த ஒரு தாள் போதும். ஆய்வாளர்களிடமும் இதையே சொல்வேன். திரை நேரத்தைப் பெற்றோர் சொல்லித்தான் கணக்கெடுக்கிறார்கள். என் வீட்டில் அந்தக் கேள்வி வந்திருந்தால் ‘இல்லை’ என்றுதான் பதிவாகியிருக்கும். மதியந்தோறும் சொம்பில் சாய்ந்து நின்ற ஃபோன் எந்தக் கணக்கிலும் வந்திருக்காது.

அடுத்த மாதம் அவனுக்கு 18 மாதத் தடுப்பூசி. மருமகளுக்கு விடுப்பு கிடைக்காவிட்டாலும் நான் கட்டாயம் போவேன்.

இப்படிக்கு,
ஈசூன் வாசகி ஒருவர்