நறுக்கிய காய்கறியையும் சோதியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

2024-இல் அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் பர்கரோடு தொடர்புடைய ஈ.கோலை என்ற குடல் கிருமித் தொற்றில் 104 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். இறைச்சியையும் சந்தேகித்தார்கள். விசாரணை கைகாட்டியதோ, நறுக்கி வந்த வெங்காயத்தை! இறைச்சி நன்றாக வெந்தால் கிருமி செத்துவிடும். மேலே தூவும் வெங்காயம் சமைக்காமலே வயிற்றுக்குள் போகிறது.

நம் ஊர் ஷவர்மா கடைகளில் சாயங்காலம் நறுக்கிய முட்டைக்கோஸ், கடை மூடும்வரை திறந்த டப்பாவிலேயே வாடிக் கிடக்கிறது. காசு வாங்கிய கையே அதையும் அள்ளிப் போடுகிறது. பிள்ளைகள் ஆசையாக வாங்கித் தின்பதைப் பார்த்தால் வயிற்றைக் கலக்குகிறது. பச்சை முட்டை மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் தடை போட்டது நல்ல காரியம். அப்புறம் இதை மட்டும் ஏன் விட்டுவைக்க வேண்டும்? உணவுப் பாதுகாப்பு அதிகாரிகள் சோதனைக்கு வரும்போது இறைச்சியோடு நறுக்கிய காய்கறியிலும் மாதிரி எடுக்க வேண்டும்.

– வாசகி, திருச்சி