பணம் வாங்கும்போது விற்பனையாளர், திருப்பிக் கேட்டால் ஏஜென்ட்

பெறுநர்: நிர்வாக இயக்குநர், இயந்திர விற்பனைப் பிரிவு

பொருள்: பாக்கெட் போடும் இயந்திரத்துக்குச் செலுத்திய முன்பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

பார்வை: உங்கள் மின்னஞ்சலும், அதோடு வந்த ஒரு பக்க ஒப்புதல் படிவமும்

ஐயா,

வணக்கம். எங்கள் பட்டறைத் தரையில் நாலு போல்ட்டுகள் நீட்டிக்கொண்டு நிற்கின்றன. உங்கள் சர்வீஸ் இன்ஜினியர் வந்து அளவெடுத்துச் சொன்னபடி காங்கிரீட் மேடை போட்டுப் பதித்தவை. மேடை காய்ந்து ஐந்து மாதம் ஆகிறது, இயந்திரம் வரவில்லை. போன வாரம் வேலை செய்யும் பையன் ஒருவன் அதில் கால் தடுக்கி விழுந்தான். இப்போது பழைய டயர் ஒன்றைப் போட்டு மறைத்து வைத்திருக்கிறோம்.

விலையில் 60 சதவீதத்தை முன்பணமாக வாங்கினீர்கள். இயந்திரம் எங்கே என்று கேட்டபோதெல்லாம் "அடுத்த வாரம்" என்றீர்கள். கடைசியாக வந்த மின்னஞ்சலில், இயந்திரம் தயாரிக்கும் கம்பெனி, சொத்தை விற்றுக் கடனடைக்கும் லிக்விடேஷனுக்குப் போய்விட்டது, நாங்கள் வெறும் ஏஜென்ட், அதை நடத்தும் லிக்விடேட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டீர்கள். ஏஜென்ட் என்ற சொல்லை உங்கள் வாயிலிருந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

பணம் கட்டுவதற்கு முன் நீங்கள் கொடுத்த முன்விலைப் பட்டியலை, அதாவது ப்ரோஃபார்மா இன்வாய்ஸை எடுத்துப் பாருங்கள். லெட்டர்ஹெட், ஜிஎஸ்டி எண், வங்கிக் கணக்கு எல்லாம் உங்களுடையவை. கீழே கையெழுத்துக்கு மேல் உங்கள் நிறுவனத்தின் பெயர் மட்டும்தான் இருக்கிறது. இன்னாருக்காக என்று ஒரு வரி கிடையாது. ரசீதும் அப்படித்தான். தயாரிப்பாளரோடு நீங்கள் போட்ட ஏஜென்சி ஒப்பந்தத்தின் நகலை இப்போது அனுப்பியிருக்கிறீர்கள். நான் பணம் கட்டும்போது அதை எனக்குக் காட்டவில்லையே!

கேட்டலாக்கில் பிராண்டு பெயர் இருந்ததே என்று உங்கள் விற்பனை மேலாளர் போனில் சொன்னார். ஒரு பொருளை யார் தயாரித்தார் என்று தெரிவது வேறு, யாருக்காக விற்கிறேன் என்று சொல்லி விற்பது வேறு. மிக்சி வாங்குகிறவருக்கு அதன் பிராண்டு தெரியும். அதனால் கடைக்காரர் ஏஜென்ட் ஆகிவிடுவாரா?

சரி, நீங்கள் ஏஜென்ட்தான் என்றே வைத்துக்கொள்வோம். இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 230 உங்கள் வக்கீலுக்குத் தெரிந்திருக்கும். ஏஜென்ட் யாருக்காக வேலை செய்கிறாரோ அவரைத்தான் முதலாளி என்கிறேன். முதலாளிக்காக ஏஜென்ட் செய்யும் ஒப்பந்தம், வேறு பேச்சு இல்லாதபோது, ஏஜென்டைக் கட்டுப்படுத்தாது. உங்கள் மின்னஞ்சல் இந்த இடத்தோடு நின்றுவிட்டது. அதே பிரிவு தொடர்ந்து, முதலாளியின் பெயரை ஏஜென்ட் வெளிப்படுத்தாத ஒப்பந்தத்தில் அவர் தானே பொறுப்பேற்றதாக அனுமானிக்கச் சொல்கிறது. அப்படி இல்லை என்று காட்டும் பாரம் உங்களுடையது. ஏஜென்டும் பொறுப்பாகும்போது அவரையோ முதலாளியையோ இருவரையுமோ கேட்கலாம் என்கிறது பிரிவு 233.

முதலாளியின் மேல் வழக்குப் போட முடியாத நிலையிலும் ஏஜென்ட் பொறுப்பு என்று பிரிவு 230 சொல்கிறது. லிக்விடேஷன் அதில் அடங்குமா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. பெயரை ஒழுங்காகச் சொல்லி விற்ற ஏஜென்டை, முதலாளி நொடித்துப்போனார் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடிப்பது நியாயமில்லை என்பதுதான் என் எண்ணமும். என் புகார் நீங்கள் பெயரைச் சொல்லாததைப் பற்றியது.

இனி அந்தப் படிவம். "உதவிப் படிவம்" என்று தலைப்பு. பெயர், முகவரி, தொகை என்று எட்டு வரி. ஒன்பதாவது வரியில் பொடி எழுத்தில், "இத்தொகையைத் தயாரிப்பாளரிடமிருந்து மட்டுமே பெற்றுக்கொள்ள வாடிக்கையாளர் ஒப்புக்கொள்கிறார்". முதலாளியை மட்டும்தான் கேட்பேன் என்று ஒருவர் ஏஜென்டை நம்பவைத்து, அதன்படி ஏஜென்ட் நடந்துகொண்டால், பிறகு அவரைக் கேட்க முடியாது. இது பிரிவு 234. அதற்குத்தான் அந்த வரி என்று நினைக்கிறேன். இல்லையென்றால் விளக்குங்கள். என் மைத்துனன் வாசித்துக் காட்டியிராவிட்டால் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

லிக்விடேட்டரிடம் மனு கொடுத்துவிட்டேன். சரக்குக்காக முன்பணம் கொடுத்தவரும் செயல்பாட்டுக் கடன் கொடுத்தவர்தான் (சரக்கு, சேவை வகையில் பாக்கி வரவேண்டியவர்) என்று உச்ச நீதிமன்றம் 2022இல் சொல்லியிருப்பதால், அவர்களுக்கான படிவம் 'சி'யில் கொடுத்தேன். லிக்விடேஷன் தொடங்கி 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். உங்கள் மின்னஞ்சல் வந்தது அதில் 26ஆம் நாள். லிக்விடேஷனில் பணம் பிரித்துக் கொடுக்கும் வரிசையில் என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். 2016ஆம் ஆண்டின் திவால் சட்டம், பிரிவு 53இன்படி நடைமுறைச் செலவு, அடமானம் வைத்துக் கடன் கொடுத்த வங்கிகள், தொழிலாளர் சம்பளப் பாக்கி, அரசு பாக்கி எல்லாம் போன பிறகுதான் என்னைப் போன்றவர்கள். ஆகவே இதைத் தெளிவாக எழுதிவிடுகிறேன்: அங்கே மனு கொடுத்ததால் உங்களை விட்டுவிட்டதாக அர்த்தமில்லை. அங்கிருந்து ஏதாவது வந்தால் அந்த அளவுக்கு உங்கள் கணக்கில் கழித்துக்கொள்கிறேன். ஒரே பணத்தை இரண்டு முறை வாங்கும் எண்ணம் எனக்கு இல்லை.

உங்கள் மேலேயே திவால் மனு போடுவேன் என்று மிரட்டப் போவதுமில்லை. 2020 மார்ச்சிலிருந்து அதற்குக் குறைந்தபட்சப் பாக்கி 1 கோடி ரூபாய். என் தொகை அதற்குப் பக்கத்தில்கூட வராது. தவிர, பாக்கி வசூலிப்பது திவால் மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயத்தின் வேலையும் இல்லை. நீங்கள் தராவிட்டால் நான் போவது சிவில் கோர்ட்டுக்கு.

15 நாளுக்குள் முன்பணம் முழுவதையும், மேடை போட்ட செலவையும் திருப்பித் தாருங்கள். அப்புறம், என் பணத்தைத் தயாரிப்பாளருக்கு அனுப்பினீர்களா, அனுப்பியிருந்தால் எந்தத் தேதியில் என்று வங்கிக் கணக்கு விவரத்தோடு தெரிவியுங்கள். மூன்று முறை கேட்டும் இதற்கு மட்டும் பதில் வரவில்லை. பணம் இன்னும் உங்கள் கணக்கிலேயே இருக்கிறதென்றால், இத்தனை பக்கம் நான் எழுதியிருக்கவே வேண்டாம்.

பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் பேசியது போதும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், ரசீது ஆகியவற்றின் நகல்கள், மேடைச் செலவுக்கான பில், கையெழுத்திடாமல் திருப்பி அனுப்பும் உங்கள் "உதவிப் படிவம்".