முத்தியால்பேட்டை வீட்டு ஈரம்

மஞ்சக்குப்பம்,
கடலூர்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்த அன்று இங்கே ஆற்றுத் திருவிழா. பெண்ணையாற்றங்கரையில் கால் வைக்க இடமில்லை. வழக்கம்போல சுருளிக்கிழங்கு வாங்கி வந்து, அவித்துத் தின்றுவிட்டுத்தான் கடிதத்தைப் பிரித்தேன். வெளியே மைனஸ் 25 டிகிரி, உள்ளே தார்ப்பாய் கட்டி புரொப்பேன் கேஸ் ஹீட்டர் போட்டுக் கான்கிரீட் வேலை நடக்கிறது என்று எட்மன்டனிலிருந்து நீ எழுதியதைப் படிக்கும்போது எனக்கு முதுகில் வேர்த்துக்கொண்டிருந்தது.

காற்றுக்காக விட்ட இடைவெளியையும் பையன்கள் குளிருக்குப் பயந்து அடைத்துவிடுகிறார்கள், சொன்னால் கேட்பதில்லை என்று நொந்துகொண்டாய். அவர்களை ரொம்பத் திட்டாதே. நானே அதைச் செய்தவன். வெட்கத்தில் உனக்கு இதுவரை சொல்லவில்லை.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்ததே, அப்போது முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டு வேலை என் பொறுப்பில் இருந்தது. தரைத்தளச் சுவரெல்லாம் ஊறிவிட்டது. தை பிறந்ததும் கிரகப்பிரவேசம், பத்திரிகையும் அடித்தாயிற்று. பெயிண்டுக்கு முன் சுவரில் பூசுகிற பட்டி மட்டும் காய்வேனா என்றது. தெரிந்த சமையல்காரர் ஒருவரிடம் பெரிய கேஸ் அடுப்பும் 19 கிலோ சிலிண்டரும் வாங்கி வந்து ஹாலில் பற்றவைத்தேன். சூடு வெளியே போகக் கூடாதென்று ஜன்னலுக்கெல்லாம் பாலிதீன் ஒட்டச் சொன்னதும் நான்தான். டிப்ளமோ படித்தவன் செய்த காரியம்!

உள்ளறையில் இரண்டு பெயிண்டர்கள் பட்டி தேய்த்துக்கொண்டிருந்தார்கள். பதினொரு மணிவாக்கில் ஒருவர் தலை வலிக்கிறது என்றார். பெயிண்ட் வாடை என்றேன். இன்னொருவர் வாந்தி எடுத்தார். காலையில் தின்ற பரோட்டா என்றேன். டீ குடிக்க மொட்டைமாடிக்குப் போனவர்கள் கால் மணி நேரத்தில் தெளிந்துவிட்டார்கள். கீழே இறங்கியதும் மறுபடி தலைவலி. அப்போதுதான் உறைத்தது. ஹாலுக்கு ஓடிப் பார்த்தால் அடுப்பில் நீலம் போய் மஞ்சள் ஜுவாலை நாக்கை நீட்டிக்கொண்டிருக்கிறது. வால்வை மூடினேன், பாலிதீனைக் கிழித்தேன், எல்லாரையும் தெருவுக்கு விரட்டினேன். அந்த இருவருக்கும் ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். சாயங்காலம் வீடு திரும்பிவிட்டார்கள். எனக்குத்தான் அன்று இரவு தூக்கமில்லை.

நமக்கு கேஸ் என்றால் மூக்குதான் சாட்சி. சிலிண்டரில் கலக்கிற மெர்காப்டன் வாடை கசிவைத்தான் காட்டிக்கொடுக்கும். கேஸ் அரைகுறையாக எரியும்போது வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு வாடையும் இல்லை, நிறமும் இல்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அறையில் ஆக்சிஜன் குறையக் குறைய அடுப்பு அதை இன்னும் கூடுதலாகக் கக்கும்.

இதில் கூத்து என்ன தெரியுமா? ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் நீராவி வரும். காயவைக்கிறேன் என்று அடைத்த அறைக்குள் தண்ணீரைக் கொட்டியிருக்கிறேன்! ஜன்னல் கண்ணாடி வேர்த்துக் கிடந்ததைப் பார்த்தும் புத்தி வரவில்லை. பிறகு எல்லாவற்றையும் திறந்துபோட்டு நான்கு பெடஸ்டல் ஃபேன் வைத்தோம். அரை ஈரத்தோடுதான் பால் காய்ச்சினார்கள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உயிரைச் சொல்லிப் பயமுறுத்தினால் அந்த வயதுப் பையன்களுக்கு ஏறாது. கான்கிரீட் தளத்தைச் சொல். புகைபோக்கி இல்லாத ஹீட்டரின் கார்பன் டை ஆக்சைடு புதுக் கான்கிரீட்டின் மேற்பரப்பில் சுண்ணாம்போடு சேர்ந்துவிட்டால், தளம் பிறகு மாவு மாவாக உதிரும். வேலை திரும்பச் செய்ய வேண்டும் என்றால் உன் மேலாளரும் காதுகொடுப்பார். ஹீட்டரை வெளியே நிறுத்தி, புகையை அங்கேயே விட்டு, சூடான காற்றை மட்டும் குழாய் வழியாக உள்ளே தள்ளும் வகையைக் கேட்டு வாங்கு. சிலிண்டரை பேஸ்மென்ட்டுக்குள் இறக்கவே விடாதே. அந்த கேஸ் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம், கசிந்தால் பள்ளத்தில் போய்த் தேங்கும்.

சிலிண்டர் மேல் பனி படிகிறது, ஒருவன் கேஸ் டார்ச்சின் தீயால் சூடுகாட்டினான் என்று போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, கடிதம் முழுக்க என்னைப் பயமுறுத்தியது அந்த ஒரு வரிதான். சிலிண்டர் தாங்கும் அளவுக்கு மேல் கேஸ் இழுத்தால் அப்படித்தான் உறையும். சிலிண்டரைப் பெரிதாக்கு, இல்லையென்றால் இரண்டைச் சேர்த்து இணை. இங்கே சமையல் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கும். அது பூஜ்யத்துக்குக் கீழே சரியாக ஆவியாகாது. அந்த மட்டில் உங்கள் புரொப்பேன் தேவலை.

அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. உன்னை விசாரித்தாள். ஆனியில் வருகிறாய் அல்லவா, பண்ருட்டிப் பலா அப்போதும் இருக்கும். வரும்போது சட்டைப்பையில் மாட்டுகிற கார்பன் மோனாக்சைடு மீட்டர் ஒன்று வாங்கி வா. சம்புக்குள், அதான் தரைக்குக் கீழே கட்டுகிற தண்ணீர்த் தொட்டிக்குள், பெட்ரோல் மோட்டாரை இறக்கித் தண்ணீர் இறைக்கிற பழக்கத்தை எங்கள் மேஸ்திரி இன்னும் விடவில்லை. மீட்டர் அலறினால்தான் நம்புவார்.

உன் பழைய ரூம்மேட்