பாப்பாவுக்கு, மாட்ரிட்டிலிருந்து

அன்புள்ள பாப்பா,

உன் கடிதம் வந்தது. நான் எழுதுவதே இல்லை என்று அம்மா திட்டியதையும் சேர்த்து எழுதியிருக்கிறாய். திட்டட்டும். இங்கே நல்ல குளிர். ஹீட்டரைவிட ரெண்டு ஸ்வெட்டர்தான் எனக்குச் சௌகரியம், கவலைப்படாதே என்று சொல். கீழ்வீட்டுப் பாட்டி லெந்தேஹாஸ் கொடுத்தனுப்புவார். முழுப் பயறை வேகவைத்த குழம்பு. கடுகு தாளிப்பு கிடையாது, சூடாக இருக்கும். வாயைத் திறந்தால் ‘அந்தேஸ்’, அதாவது அந்தக் காலத்தில், என்றுதான் ஆரம்பிப்பார். நீ கேட்ட ஸ்பானிஷ் இம்பெர்ஃபெக்தோ, அதாவது வழக்கமாக நடந்ததையும் நடந்துகொண்டிருந்ததையும் சொல்லும் இறந்தகாலம், முழுக்க அவர் பேச்சிலேயே இருக்கிறது.

வினையின் கடைசி ‘ஆர்’-ஐ வெட்டிவிட்டு, நான், நீ, அவள், நாங்கள், நீங்கள், அவர்கள் என்ற வரிசையில் ஆபா, ஆபாஸ், ஆபா, ஆபமோஸ், ஆபாய்ஸ், ஆபான் சேர். ஆப்லார் (பேசு) ஆப்லாபா ஆகும். ‘ஏர்’, ‘ஈர்’ இரண்டுக்கும் ஒரே விகுதிதான்: ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயாய்ஸ், ஈயான். கொமேர் (சாப்பிடு) கொமீயா. இந்த ‘ஈ’ மேல் ஆறிலும் சாய்கோடு போட வேண்டும். விட்டால் ‘ஈயா’ ஓரசையாகச் சுருங்கி அழுத்தம் இடம் மாறிவிடும். ‘ஆர்’ வகையில் ‘நாங்கள்’ வடிவத்துக்கு மட்டும் கோடு. நிகழ்காலத்தில் துவெர்மோ என்று உருமாறும் தொர்மீர் (தூங்கு)கூட இங்கே ஒழுங்காகத் தொர்மீயா. அடங்காதவை மூன்றே: செர் (இரு), ஈர் (போ), பேர் (பார்), இவை ஏரா, ஈபா, பெயீயா ஆகும். நானுக்கும் அவளுக்கும் ஒரே வடிவம் என்பதால், குழம்பும் இடத்தில் யோ, எய்யா என்று முன்னால் போட்டுவிடு.

எங்கே போடுவது என்பதில்தான் எல்லாரும் வழுக்குவார்கள். நமக்கு அது சுலபம். ‘அப்போதெல்லாம் போவார்’ என்றோ ‘போய்க்கொண்டிருந்தார்’ என்றோ தமிழில் வந்தால் இம்பெர்ஃபெக்தோ. ‘பத்து வருஷம் இருந்தோம்’ என்று கணக்கு முடிந்தால் அது வேண்டாம், முடிந்துபோனதைச் சொல்லும் மற்ற இறந்தகாலம், பிபீமோஸ் (வாழ்ந்தோம்)தான். மாமா வந்தபோது சாப்பிட்டுக்கொண்டிருந்தேன் என்றால் வந்தது யெகோ, சாப்பிட்டது கொமீயா. வயது, மணி, வானிலை, வீட்டின் தோற்றம் எல்லாமே பெரும்பாலும் இதில் வரும். சபீயா என்றால் முன்பே தெரிந்திருந்தது. சூபே என்றால் அப்போதுதான் தெரியவந்தது. இருந்தன என்று பன்மை வந்தாலும் ‘அபீயா’ (இருந்தது) ஒருமைதான். ரெண்டு மாடு இருந்தாலும் அபீயா. அபீயான் என்று எழுதினால் பரீட்சையில் மதிப்பெண் போகும்.

பயிற்சிக்கு நம் வீட்டையே எழுது. அப்பா திண்ணையில் பேப்பர் படிப்பார், லெயீயா. அம்மா கோலம் போட்டுக்கொண்டே பாடுவாள், கன்தாபா. மழை நாளில் எல்லாரும் கூடத்தில் ஒரே பாயில் தூங்குவோம், தொர்மீயாமோஸ். ஓடு ஒழுகும், பாத்திரம் வைப்போம், நீ முதலில் அழுவாய், பிறகு சிரிப்பாய்... சரி, போதும்.

அந்த ஓட்டைத்தான் மழைக்கு முன்னால் மாற்றச் சொல். பணம் இந்த மாதம் கொஞ்சம் தள்ளி வரும், பேங்கில் ஏதோ தாமதம். அம்மாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. காப்பீட்டு அட்டையையும் ரேஷன் கார்டு நகலையும் எடுத்துப் போ. பட்டா விஷயத்தில் பெரியப்பா கேட்டால், நான் வரும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

அன்புடன்,
அண்ணன்