உடைந்த குழாயை மாற்றித் தாருங்கள்: பள்ளத்தாக்கில் வாழ்வோரின் திறந்த மடல்

மாநகரின் கழிவுநீர்ப் பணிகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஐயா, அம்மையீர் அனைவருக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குத் தென்மேற்கே, உம்லதுசானா ஆற்றுக்கும் உம்லாஸ் ஆற்றுக்கும் நடுவே அமைந்த சாட்ஸ்வர்த்தின் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து இம்மடலை எழுதுகிறோம். எங்கள் ஓடையின் குறுக்கே செல்லும் கழிவுநீர்ப் பெருங்குழாய் 2022 ஏப்ரல் வெள்ளத்தில் உடைந்ததும், அவ்விடத்தில் மணல் மூட்டைகளின் மேல் ஒரு பிளாஸ்டிக் குழாய் தற்காலிகமாகப் போடப்பட்டதும், ஒவ்வொரு பெருமழைக்கும் அதன் இணைப்பு கழன்றுவிடுவதும் நீங்கள் அறிந்தவையே. ஆகவே பழைய விவரங்களை மீண்டும் விரிக்கவில்லை. கடந்த வாரம் எங்கள் கைப்பேசிகளுக்கு வந்த ஒரு குறுஞ்செய்திதான் இப்போது எங்களை எழுத வைத்தது. எங்கள் புகார் தொடர்பான பணி முடிந்துவிட்டது என்று அது அறிவித்தது. அந்த நேரத்தில் ஓடைக்கரையிலுள்ள மேன்ஹோலின் இரும்பு மூடியைத் தள்ளிக்கொண்டு கழிவுநீர் வழிந்துகொண்டிருந்தது. முடிந்த பணி எது என்று தொலைபேசியில் கேட்டோம். புதிய புகார் எண் ஒன்றைத் தந்தார்கள்.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்றுதான். உடைந்த குழாயை மாற்றிப் புதிய குழாய் பதியுங்கள். அந்தப் பணி எந்தத் தேதியில் தொடங்கும் என்பதை எழுத்தில் தாருங்கள்.

இந்த ஓடையை நாங்கள் வெறும் வடிகாலாகப் பார்ப்பவர்கள் அல்லர். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்போர் விடியலுக்கு முன்பே கரையில் கூடி, நீராடி, பூசாரி பூசை செய்து திருநீறு இட்ட பிறகு அங்கிருந்து கோயிலுக்கு நடப்பதே எங்கள் வழக்கம். ஆடியில் மாரியம்மனுக்குக் கஞ்சி வார்க்கும்போது கரகம் சோடிப்பதும் இதே கரையில்தான். இப்போது காவடிக்காரர்கள் தார்ச்சாலையின் ஓரத்தில் நிற்கிறார்கள். மேட்டுத் தெருவில் உள்ள உறவினர் வீட்டுக் குழாயில் பிளாஸ்டிக் பீப்பாய்களை நிரப்பி, பக்கி எனும் சிறு சரக்கு வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து, அந்த நீரைத் தலையில் ஊற்றிக்கொள்கிறார்கள். கடந்த தைப்பூசத்தன்று பாற்குடம் சுமந்த பெண்கள் சேலை முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு ஓடைப் பாலத்தைக் கடந்தார்கள். நாற்பது நாள் நோன்பிருந்து வந்தவர்கள் முருகனை நினைத்து நடக்கவேண்டிய அந்தச் சில அடிகளில், எதை மிதித்துவிடுவோமோ என்று தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். இதை உங்களில் ஒருவரேனும் நேரில் வந்து பார்த்திருந்தால் இப்படியொரு மடலுக்குத் தேவையே வந்திருக்காது என்று நம்புகிறோம்.

ஓடையை ஒட்டிய கடைசி வீட்டில் வயது முதிர்ந்த ஓர் ஆயா தனியாக வாழ்கிறார். மேன்ஹோல் வழியும் ஒவ்வொரு முறையும் அவருடைய முற்றத்தில்தான் முதலில் ஏறுகிறது. நீர் வடிந்ததும் கறிவேப்பிலைச் செடியின் அடியில் காகிதக் கூழும் இன்னபிறவும் படிந்து கிடக்கும். ஓய்வூதியப் பணத்தில் ஜேயஸ் ஃப்ளூயிட் எனும் கிருமிநாசினியை வாங்கி வைத்திருந்து, அதை வாளி நீரில் கலந்து, குனிந்து முற்றத்தைத் தேய்த்துக் கழுவுகிறார். குழாயில் தண்ணீர் வராத நாள்களில் அதுவும் முடிவதில்லை. எங்களைவிடத் தாழ்வாக, ஓடையின் மறுகரையில் தகரக் குடிசைகளில் வாழும் ஜூலுக் குடும்பங்களின் நிலை இதைவிட மோசம். அவர்களுடைய பிள்ளைகள் விளையாட வேறு இடமில்லை. இம்மடல் அவர்களுக்காகவும்தான்.

கழிவுநீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாக ஓடும் என்பதால்தான் பெருங்குழாய்களைப் பள்ளத்தாக்கின் அடியில் பதிக்கிறார்கள், நீரேற்று நிலையங்களையும் அங்கேயே அமைக்கிறார்கள். மேட்டில் ஆயிரம் வீடுகள் பெருகினாலும் அவற்றின் கழிவு எங்கள் வாசல் வழியாகத்தான் போயாக வேண்டும். மின்சாரம் நின்றாலோ, கேபிள் திருடுபோனாலோ, நிலையம் நின்று, கழிவு அருகிலுள்ள மேன்ஹோலில் பொங்குகிறது. இந்த ஏற்பாட்டை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஊர் முழுவதன் சுமையையும் தாங்கும் குழாய் உடைந்தால் அதைத்தானே முதலில் சரிசெய்ய வேண்டும்? கடைசியில் வைப்பது எந்த நியாயம்?

வெள்ளம் இயற்கை தந்த இடர், அதற்கு யாரும் பொறுப்பல்லர் என்று எங்களிடம் பலமுறை சொல்லப்பட்டது. வெள்ளத்தைப் பற்றி எங்களுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. உம்பிலோ ஆற்றங்கரையில் எங்கள் முன்னோர் எழுப்பிய அம்பலவாணர் ஆலயத்தை 1905ஆம் ஆண்டு வெள்ளம் அடித்துச் சென்றது. 1917 அக்டோபரில் உம்கேனி ஆறு கரைபுரண்டபோது மாரிமுத்து படவத்தானும் அவரோடு சேர்ந்த மீனவர்களுமாக ஆறு பேர் படகை வெள்ளத்தில் செலுத்தி 176 உயிர்களைக் காப்பாற்றினார்கள். 1987, 2019, 2022 என்று வெள்ளம் மீண்டும் மீண்டும் வந்தது. கடைசியாக வந்தபோது இம்மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோரை இழந்தோம். முன்பு 40 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்க மழை, புவி வெப்பமடைந்ததால் இப்போது 20 ஆண்டுக்கு ஒருமுறை எதிர்பார்க்கத்தக்கதாகிவிட்டது என்று அந்த வெள்ளத்தை ஆராய்ந்த காலநிலை அறிஞர்கள் கூறினார்கள். ஆறு வரும், போகும். வெள்ளம் வடிந்த பிறகும் குழாய் உடைந்தே கிடப்பதற்கு ஆறு பொறுப்பாகாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இந்தப் பள்ளத்தாக்கை நாங்கள் தேடி வரவில்லை. 1950ஆம் ஆண்டின் இனவாரிக் குடியிருப்புச் சட்டத்தைக் காட்டி, 1960களில் டர்பனின் கேட்டோ மேனர், மேகசின் பாரக்ஸ் குடியிருப்புகளிலிருந்து எங்கள் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் பெயர்த்துக் கொண்டுவந்து இங்கே குடியமர்த்தினார்கள். மேகசின் பாரக்ஸில் இருந்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். இந்த நகராட்சியின் கூலித் தொழிலாளர்கள். நகரின் தெருக்களைப் பெருக்கியவர்கள், சாக்கடைகளைத் தூர்வாரியவர்கள், மற்றவர்களின் கழிவைக் கையால் சுமந்து அகற்றியவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் முற்றத்தில் அதே நகரின் கழிவு தேங்கி நிற்கிறது. அன்றைய நிறவெறி ஆட்சியின் குற்றத்தை உங்கள்மேல் சுமத்துவது எங்கள் நோக்கமன்று. அந்த ஆட்சி போய்விட்டது, குழாய் மட்டும் உங்கள் பொறுப்பில் இருக்கிறது.

மாதந்தோறும் வரும் கட்டணச் சீட்டில் கழிவுநீருக்கான தொகை தவறாமல் இருக்கிறது. அகற்றப்படாத கழிவுக்கும் நாங்கள் பணம் கட்டுகிறோம், தாமதித்தால் வட்டியும் கட்டுகிறோம். கடற்கரையில் குளிப்பவர்களுக்காக நீரிலுள்ள ஈ.கோலி கிருமியின் அளவைச் சோதித்து வெளியிடுகிறார்கள், அளவு மிஞ்சினால் கடற்கரையை மூடுகிறார்கள். அது சரியான செயல், அதை வரவேற்கிறோம். ஆனால் அந்தக் கிருமிகளில் ஒரு பகுதி எங்கள் ஓடை வழியாகத்தான் போகிறது. ஓடை உம்லதுசானாவில் கலக்கிறது, உம்லதுசானா கால்வாய் வழியே டர்பன் துறைமுக வளைகுடாவில் சேர்கிறது. விடுமுறைக்கு வருவோருக்காகக் கடலைச் சோதிப்பவர்கள், ஆண்டு முழுவதும் கரையிலேயே வாழும் எங்களுக்காக ஓடையைச் சோதித்து முடிவை அறிவித்ததாக எங்களுக்குத் தெரியவில்லை. விருந்தினரின் உடல்நலத்துக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை வரி கட்டும் குடிமக்களுக்கும் காட்டுங்கள் என்று கேட்பது பெரிய ஆசையாகிவிடாது.

கடுமையாக எழுதிவிட்டோம் என்று தோன்றினால், எங்கள் மூக்கால் ஒரு நாள் மூச்சு விட்டுப் பாருங்கள் என்பதைத் தவிர வேறு விளக்கம் எங்களிடம் இல்லை. பழுது பார்க்க அவ்வப்போது வரும் தொழிலாளர்கள்மேல் எங்களுக்கு எந்தக் குறையும் இல்லை. கையுறைகூடச் சரியாக இல்லாமல் அந்தக் குழிக்குள் இறங்குபவர்கள் அவர்கள். கழன்ற இணைப்பை மாட்டிவிட்டுப் போவதற்குத்தான் அவர்களை அனுப்புகிறீர்கள். குழாயை மாற்றும் கட்டளை உங்கள் மேசையிலிருந்துதான் வரவேண்டும்.

இப்போது குளிர்காலம் தொடங்குகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை குறைவு, ஓடையில் கணுக்கால் அளவு நீர்தான் ஓடும். புதிய குழாய் பதிக்க இதைவிட ஏற்ற காலம் ஆண்டில் வேறில்லை. இதைத் தவறவிட்டால் அக்டோபரில் மழை பிடித்துவிடும், பிறகு மண் ஈரம், நீர் மட்டம் என்று காரணங்கள் வரும், இன்னோர் ஆண்டு போய்விடும்.

ஆகவே உங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். உடைந்த குழாயை இந்தக் குளிர்காலத்துக்குள் மாற்றித் தாருங்கள். பணி தொடங்கும் தேதியை, பொறுப்பு அலுவலரின் கையொப்பத்துடன், இம்மாத இறுதிக்குள் எழுத்தில் அனுப்புங்கள். உங்கள் பொறியாளர்கள் இடத்தைப் பார்க்க வரும் நாளில் கோயில் நிர்வாகிகளும் மறுகரைக் குடும்பங்களின் சார்பாளர்களும் உடனிருந்து, குழாய் எங்கெங்கே கழல்கிறது என்பதைக் காட்ட ஆயத்தமாக இருக்கிறோம். இயந்திரங்களும் குழாய்களும் வைக்கக் கோயில் வளாகத்தை ஆடிக் கஞ்சிப் பூசை நடக்கும் நாள்கள் நீங்கலாக எப்போது வேண்டுமானாலும் திறந்துவிடுகிறோம்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஓடைக்கரைக் குடியிருப்போர் சார்பில்,
கோயில் செயற்குழு உறுப்பினர் ஒருவர்