நகை – பீங்கான் கூட்டுக் கண்காட்சி: ஜோடிகளின் கவனத்துக்கு

வணக்கம். நகை செய்பவர்களும் பீங்கான் செய்பவர்களும் ஜோடி சேர்ந்தாயிற்று, ரொம்ப சந்தோஷம். வேலையைத் தொடங்கும் முன் அளவைப் பற்றி இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். பீங்கான் களிமண் காய்ந்து, சூளையில் சுமார் 1,300 டிகிரி செல்சியஸில் வெந்து வரும்போது 10 முதல் 15 சதவீதம் வரை சுருங்கிவிடும். 20 மில்லிமீட்டருக்கு உருட்டிய மணி 17, 18-க்கு வந்து நிற்கும். அதனால், சுட்ட துண்டு கைக்கு வந்த பிறகே வெள்ளியை அளந்து வெட்டுங்கள். வெள்ளி 962 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இரண்டையும் சேர்த்துச் சுட வழியில்லை. பீங்கானுக்குப் பக்கத்தில் வைத்து வெள்ளியைச் சூடாக்கிப் பற்றவைக்கவும் வேண்டாம், திடீர்ச் சூட்டில் விரிசல் விழும். பீங்கானை நகம் போன்ற மெல்லிய வெள்ளிக் கொக்கிகளால் பிடிக்கலாம், நூலில் கோக்கலாம்.

அப்புறம், மெல்லிய பீங்கானுக்குள் வெளிச்சம் ஊடுருவுவதுதான் அதன் அழகே. விளக்கைப் பின்னாலிருந்து கொடுப்போம். ப்ரூச்சுகளை, அதாவது உடையில் குத்திக்கொள்ளும் ஊசி நகைகளை, சுவரோடு ஒட்ட வேண்டாம். பின்புறத்து ஊசி வேலையும் மக்கள் கண்ணில் படட்டும்.

பெயர்ச்சீட்டில் இருவர் பெயரும் ஒரே அளவு எழுத்தில் இருக்கும். இது என் கண்டிப்பான விருப்பம். மாற்றுக் கருத்து இருந்தால் இங்கேயே சொல்லுங்கள்.